பெடல் பிய்ந்து விழுந்தேன். "நீங்கள் ஓட்டியது சரியில்லை" என்கிறது கடை

தினமும் வேலைக்குக் கியர் சைக்கிளில் போய்வரும் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. யார், எங்கே என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சைக்கிளை ஒரு கடையில் முழு ஓவராயிலுக்குக் கொடுத்திருக்கிறார். செயின், இரண்டு பெடல்கள், பிரேக் கம்பிகள் எல்லாம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். பில் இருக்கிறது. அதன் அடியில் "டெலிவரிக்குப் பிறகு கடை பொறுப்பாகாது" என்று அச்சடித்திருக்கிறது. எடுத்துவந்த முதல் நாளே இடது கால் ஒரு மாதிரி சாய்ந்து நிற்பதாகத் தோன்றியிருக்கிறது. புதுப் பெடல், பழகிவிடும் என்று விட்டுவிட்டார். அழுத்தி மிதித்தால் செயின் துள்ளுவதும் அன்றே தொடங்கிவிட்டது. மூன்றாம் நாள் இடது பெடலில் கிரீச் சத்தம். தம்பிக்குக் குரல் பதிவு அனுப்பி ஸ்பேனர் வாங்கி, "வலப்பக்கமாக நன்றாகத் திருகி இறுக்கினேன்" என்கிறார். எட்டாம் நாள் ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் அப்படியே பிய்ந்து வந்துவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டில் சுளுக்கு, கட்டு, ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை.

கடைக்காரர் முதலில் "நீங்கள் ஓட்டியது சரியில்லை" என்றிருக்கிறார். சண்டை போட்ட பிறகு, "இலவசமாகச் சரிசெய்து தருகிறேன், வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார். இன்னொரு கடையில் காட்டியபோது, கிராங்கை (பெடல் திருகி மாட்டப்படும் உலோகக் கரத்தை) மாற்ற வேண்டும், செயின் டூப்ளிகேட்டாக இருக்கலாம் என்றார்களாம். பில்லில் அப்படி அச்சடித்திருப்பதால் தனக்கு உரிமை எதுவும் இல்லையா, புது சைக்கிளே கேட்கலாமா, கடையின் பெயரைப் போட்டு இணையத்தில் எழுதலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

கை முழுதாகக் குணமாகும் வரை சைக்கிளைத் தொடாதீர்கள். குணமான பிறகும் உடனே ஏறிவிட வேண்டாம். நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே கடை உங்கள் பிரேக் கம்பிகளையும் மாற்றியிருக்கிறது. ஓவராயில் என்றால் ஹேண்டில்பார், சக்கரங்கள் எல்லாவற்றிலும் கை வைத்திருப்பார்கள். பெடலைச் சரியாக மாட்டாத கை மற்றதை எப்படி மாட்டியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் நிற்க, ஹேண்டில்பார் மட்டும் திரும்பினால் போல்ட் இறுக்கமில்லை. பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்து வண்டியை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருளவும் கூடாது, லிவர் கைப்பிடியைத் தொடவும் கூடாது. இவை இரண்டும் சரியாக இருந்தாலும் வேறொரு மெக்கானிக் முழுதாகப் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று பெடல், இன்னொன்று செயின். இரண்டையும் சேர்த்து "எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள்" என்று எழுதினால், செயின் விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் நியாயமான பதில் பெடல் விஷயத்தையும் பலவீனமாக்கிவிடும். அதனால் பிரித்துப் பார்ப்போம்.

பெடல்: உங்கள் பக்கம் பலம், ஆனால் ஓர் ஓட்டை

சைக்கிளின் வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் இடக்கை மரை. அதாவது இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவரக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். பெடல் தண்டில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். பெடல் தண்டு எஃகு. கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். எஃகுத் தண்டைக் கொஞ்சம் கோணலாக வைத்து ஸ்பேனரால் பலவந்தமாகத் திருகினால், அது மென்மையான அலுமினியத்தில் தனக்கென்று ஒரு கோணல் மரையை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். பார்வைக்கு மாட்டியது போலவே இருக்கும். ஆனால் கால் வைத்தால் பெடல் சாய்ந்திருக்கும், சில நாளில் சத்தம் வரும், பிறகு ஒருநாள் பிய்த்துக்கொண்டு வரும். நீங்கள் எழுதியிருக்கும் வரிசை இதுவேதான்.

முறையாக மாட்டும் மெக்கானிக் முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுவார். கையால் போகாவிட்டால் நிறுத்தி, எடுத்து, மறுபடி நேராக வைப்பார். ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்தான். தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அதனால்தான் இந்தத் தவறைக் கவனக்குறைவு என்று நிறுவுவது கடினமல்ல.

இப்போது அந்த ஓட்டை. நீங்கள் "வலப்பக்கமாகத் திருகி இறுக்கினேன்" என்கிறீர்கள். இடது பெடலை வெளியிலிருந்து பார்த்து வலப்பக்கமாகத் திருகினால் அது தளரும். வருத்தமாக இருக்கும், ஆனால் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் கடைக்காரர் தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளப் போவது இதைத்தான்: "நாங்கள் சரியாகத்தான் மாட்டினோம், இவர்தான் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார்."

இதை மறைக்க நினைக்காதீர்கள். பின்னால் வெளிவந்தால் நீங்கள் சொன்ன மற்றதெல்லாமும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். நீங்களே சொல்லிவிட்டு, பதிலையும் வைத்திருங்கள். பதில் இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, தம்பிக்கு அனுப்பிய குரல் பதிவு. நீங்கள் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பெடலில் கோளாறு இருந்தது என்பதற்குத் தேதியோடு இருக்கும் சாட்சி அது. சத்தம் வருகிறது, சாய்ந்திருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. உங்கள் போனிலும் தம்பி போனிலும் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பிரதி வேறெங்காவது இருக்கட்டும்.

இன்னொன்று, கிராங்கின் ஓட்டை. நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பெடல் நேராக மாட்டப்பட்டுப் பிறகு தளர்ந்து பிய்ந்திருந்தால், கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த வெளிவிளிம்பு மரைகள் மட்டும் நசுங்கியிருக்கும். உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். கோணலாக மாட்டியிருந்தால், பழைய மரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாய்வான தடம் உள்வரை ஓடும். கழன்ற பெடல் தண்டின் பள்ளங்களில் சுருள் சுருளாக அலுமினியத் துணுக்குகள் சிக்கியிருக்கலாம். அவற்றைத் துடைக்காதீர்கள், தட்டிவிடாதீர்கள். பெடலை அப்படியே ஒரு கவரில் போட்டு மூடி வையுங்கள். கிராங்க் ஓட்டையை நெருக்கமாகப் பல கோணங்களில் படம் எடுங்கள். பிறகு இந்தத் தகராறில் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று இரண்டு மூன்று வரி எழுதிக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். "அந்தக் கடை மோசம்" என்றெல்லாம் அவர் எழுத வேண்டாம். ஓட்டையில் கண்ணால் கண்டதை எழுதினால் போதும்.

சிவில் விஷயங்களில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அப்படிக் காட்டிய பிறகும், முதல் நாளே உணர்ந்தும் கடைக்குக் கொண்டுபோகாமல் ஓட்டியதற்காக உங்கள் மீதும் ஒரு பங்கு பொறுப்பு வைத்து இழப்பீட்டைக் குறைக்க வாய்ப்பு உண்டு. அதனால் உங்கள் கோரிக்கையே இல்லாமல் போய்விடாது.

"ஓட்டியது சரியில்லை" என்ற வாதத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டாம். மேட்டில் எழுந்து நின்று மிதிப்பது சைக்கிளின் சாதாரணப் பயன்பாடு. சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210, பெடலுக்கும் கிராங்குக்கும் திரும்பத் திரும்ப விசை கொடுத்துச் சோதிக்கச் சொல்வதே அவை இப்படிப்பட்ட மிதியைத் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

செயின்: டூப்ளிகேட் என்று அவசரப்பட வேண்டாம்

புதுச் செயின் போட்டதும் துள்ளுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பின்சக்கரத்தின் பற்சக்கரங்களை. பழைய செயின் தேய்ந்து நீளும்போது பற்களும் கூடவே தேய்ந்து அதற்கேற்ப மாறிவிடும். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிப்போய் ஓடிக்கொண்டிருக்கும். புதுச் செயினைப் போட்டவுடன் பொருந்தாமல் அழுத்தத்தில் வழுக்கும். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் கியர்களில் மட்டும் துள்ளுகிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் காரணம் அநேகமாக இதுதான். செயின் அசலாகவே இருக்கலாம். மாறாக, எந்தக் கியரிலும் இரண்டு மூன்று மிதிச் சுற்றுக்கு ஒருமுறை, சீரான இடைவெளியில் துள்ளினால், செயினைச் சேர்த்த இடத்தில் ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கலாம். அது கடையின் வேலைக்குறை, சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடியது.

முதல் வகை என்றால் கடையின் மீது தவறே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு தவறு. செயினில் 12 முழுக் கண்ணிகளின் நீளம் புதிதாக இருக்கும்போது 304.8 மில்லிமீட்டர். அது ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் பற்சக்கரமும் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஓவராயில் செய்பவர் இதை அளந்து, "பற்சக்கரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும், என்ன செய்யட்டும்?" என்று உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்பதுதான் குறை. பழைய செயினைத் திருப்பித் தந்தார்களா? தந்திருந்தால் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து படம் எடுத்து வையுங்கள்.

ஆனால் இதற்காகப் புதுப் பற்சக்கரத்தை இலவசமாகக் கேட்காதீர்கள். அது எப்படியும் உங்கள் செலவில் மாற்ற வேண்டிய பொருள்தான். முதலிலேயே சொல்லியிருந்தாலும் பணம் கொடுத்திருப்பீர்கள். மறுபடி பிரித்து மாட்டும் கூலியைக் கடை ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். அது நியாயம், கிடைக்கவும் வாய்ப்பு அதிகம்.

பில்லில் உள்ள அந்த வரி

அச்சடித்த ஒரு வரியால் கடையின் கடமை மறைந்துவிடாது. கூலி வாங்கிக்கொண்டு ஒரு வேலையைச் செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது பல நாடுகளின் சட்டத்திலும் அடிப்படை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு என்ற தலைப்பில் வரும். அதிலும் கவனக்குறைவால் உடல் காயம் ஏற்பட்டால், "பொறுப்பாகாது" என்ற வாசகத்தைக் காட்டித் தப்பிப்பது மிகவும் கடினம். பலர் அந்த வரியைப் படித்துவிட்டே பேசாமல் திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். நீங்கள் திரும்பாமல் கேட்டது நல்லது.

எதைக் கேட்கலாம்

புது சைக்கிள் கேட்க முடியாது. கெட்டுப்போனதைக் கெடுவதற்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் பரிகாரம். இங்கே கெட்டது இடது கிராங்க். அதை மட்டும் தனியாக மாற்ற முடியும். பல்லோடு இருக்கும் வலது பக்கத்தைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. ஓட்டையைப் பெரிதாக்கி, புஷ் எனப்படும் உலோக வளையத்தைப் போட்டுப் புது மரை அமைப்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான், ஒழுங்காகச் செய்தால் உறுதியாக நிற்கும். ஆனால் இந்தக் கடை அதைச் செய்வதை நான் விரும்ப மாட்டேன். புது கிராங்க் கேளுங்கள். விழுந்ததில் வளைந்த, உடைந்த வேறு பாகம் இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

மருத்துவச் செலவு, இழந்த ஒரு வார ஊதியம் ஆகியவற்றையும் கேட்கலாம். மருத்துவரின் சீட்டில் "சைக்கிளிலிருந்து விழுந்ததால்" என்று காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விடுப்புக்கும் சம்பளப் பிடித்தத்துக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். காகிதம் இல்லாத தொகையைக் கோரிக்கையில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

பழுதை யார் சரிசெய்வது என்பதில், தவறு செய்த கடைக்கே முதலில் ஒரு வாய்ப்பு தர வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அதனால்தான் இரண்டாவது கடையில் இப்போதே கிராங்கை மாற்றிவிடாதீர்கள் என்கிறேன். மாற்றினால் "எங்களைக் கேட்டிருந்தால் நாங்களே செய்திருப்போம்" என்பார்கள், பழைய கிராங்கும் குப்பைக்குப் போய்விடும். அந்தக் கடையில் மறுபடி வண்டியை விட உங்களுக்கு மனம் வரவில்லை என்றால், வேறு கடையில் செய்யும் செலவை ஏற்கச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காயம் பட்ட பிறகு நம்பிக்கை போய்விட்டது என்பது யாரும் புரிந்துகொள்ளக்கூடிய காரணம். யார் மாற்றினாலும் சரி, பழைய கிராங்க் உங்கள் கைக்குத் திரும்பி வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாய்ப்பேச்சு இதுவரை போதும். இனி எல்லாம் எழுத்தில். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"இன்ன தேதியில், இன்ன எண் பில்லின்படி, என் சைக்கிளுக்குப் புதுப் பெடல்களும் செயினும் பொருத்தினீர்கள். முதல் நாளிலிருந்தே இடது பெடல் சாய்ந்திருந்தது. மூன்றாம் நாள் சத்தம் வந்ததால் ஸ்பேனரால் திருகிப் பார்த்தேன். எட்டாம் நாள் பெடல் கிராங்கிலிருந்து பிய்ந்து வந்ததால் விழுந்து காயமடைந்தேன். பெடலும், படங்களும், மற்றொரு மெக்கானிக்கின் குறிப்பும் என்னிடம் உள்ளன. இடது கிராங்கை உங்கள் செலவில் மாற்றித் தரவும், இணைத்துள்ள ரசீதுகளின்படி மருத்துவச் செலவையும் இழந்த ஊதியத்தையும் ஈடுசெய்யவும் கேட்டுக்கொள்கிறேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

செயினைப் பற்றித் தனியாக இன்னொரு பத்தி எழுதுங்கள். கோபமான சொற்கள் எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளை ஒரு நீதிபதியோ சமரசம் பேசுபவரோ படிக்கக்கூடும்.

அந்தக் கையெழுத்து

"வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில்தான் கேட்கிறார் என்று சொல்லவில்லை, பயத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் மணிக்கட்டுச் சுளுக்கு என்று நினைத்தது சில வாரம் கழித்து வேறு ஏதாவதாகத் தெரியவந்தால், அந்தத் தாள் உங்களுக்கு எதிராக நிற்கும். இலவசமாகப் பழுது பார்ப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்; "பழுது பார்த்துத் தரப்பட்டது, மற்ற கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். அவர் அதற்கு மறுத்தால் வண்டியோடு வந்துவிடுங்கள். பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், மருத்துவர் முழுக் குணம் என்று சொன்ன பிறகு, பணம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

பற்சக்கரத்தை அவர்களிடமே மாற்றச் சொன்னால் கூலி விவகாரத்தை முன்கூட்டியே எழுதி முடித்துவிடுங்கள். கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை பழுது பார்ப்பவருக்குப் பல இடங்களில் உண்டு.

இணையத்தில் எழுதுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எழுத உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் 14 நாள் முடியும் வரை பொறுங்கள். இப்போது எழுதினால் பேச்சுவார்த்தை அன்றோடு நின்றுவிடும். பிறகு எழுதுவதாக இருந்தாலும் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: இந்தத் தேதியில் பெடல் மாற்றினார்கள், எட்டாம் நாள் பிய்ந்தது, இந்தப் பதில் சொன்னார்கள். "ஏமாற்றுக்காரர்", "டூப்ளிகேட் செயின் போடுபவர்" என்ற சொற்கள் வேண்டாம். செயின் டூப்ளிகேட் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை, அவதூறு என்று அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போட அது ஒன்றே போதும்.

பதில் வராவிட்டால் உங்கள் பகுதியின் நுகர்வோர் மன்றத்துக்கோ சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்றத்துக்கோ போகலாம். இத்தகைய இடங்களில் பெரும்பாலும் வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்திய நுகர்வோர் சட்டத்தில் அது 2 ஆண்டு. அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். மெக்கானிக்கின் குறிப்பை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்; கடிதத்தை அதற்கடுத்த நாள் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை பில்லோடு சேர்த்து வையுங்கள்.